88ஆவது நிமிடம்

கொத்தளத்துக் கால்பந்து – பகுதி 14

சென்ற வாரம் கதையை 2017 மார்ச்சில் நிறுத்தியிருந்தோம். மூன்று பருவம் சென்னையின் எஃப்.சி.யை நடத்திய இத்தாலிக்காரர் மார்கோ மடெராஸி மூட்டை கட்டிவிட்டார். 2015 டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் மிதந்தபோது, சொந்த ஊர் அரையிறுதியைப் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆடி, கோவாவில் கோப்பையை வாங்கிய அணி அது. மறு வருடமே எட்டு அணிகளில் ஏழாவதாக வந்து விழுந்தது.

அடுத்து யார்? அந்தக் கேள்வியோடு முடித்தோம்.

பதில் ஜூலையில் வந்தது. ஜான் கிரிகரி. வயது 63. இங்கிலாந்துக்காரர்.

மூலக்கொத்தளத்து டீக்கடையில் அந்தச் செய்தியைப் பேப்பரில் சத்தமாகப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. மடெராஸி என்றால் பால் வாங்க வரும் பிள்ளைகூடச் சொல்லும்: 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதான் தலையால் முட்டினாரே, முட்டு வாங்கியவர்.

"இவரு இன்னாப்பா பண்ணாரு?" என்று ஒருவர் கேட்டார்.

பெஞ்சின் கோடியில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும், "ஆடினவரா, சும்மா கோச்சா?" என்றார். அவர் அந்தக் காலத்தில் சென்னை லீக்கில் லெஃப்ட் ஹாஃபாக ஆடியவர். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது.

*

பத்துச் சட்டை

ஜான் கிரிகரி 1954 மே 11ஆம் தேதி ஸ்கன்தார்ப்பில் பிறந்தார். இங்கிலாந்தின் கிழக்கில் இரும்பு உருக்கிப் பிழைக்கும் ஊர் அது. எண்ணூர், மணலிப் பக்கம் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படிப்பட்ட ஊரை விளக்கவேண்டியதில்லை. அப்பாவும் கால்பந்து ஆடிச் சம்பாதித்தவர்தான்.

1972இல் நார்தாம்ப்டன் டவுன் அணியில் சேர்ந்தார். அன்றைக்கு அந்த அணி நான்காம் டிவிஷனில் கிடந்தது. லீக்கின் அடித்தட்டு அது. அதற்குக் கீழே லீக்கே கிடையாது. ஐந்து வருடம் அங்கே ஆடினார். பெரிய அணிகளின் ஆள் வந்து கொத்திக்கொண்டு போகும் பிள்ளையாக அவர் இல்லை.

1977இல்தான் ஆஸ்டன் வில்லா கூப்பிட்டது. முதல் டிவிஷன் அணி. அங்கே நடந்ததுதான் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள உதவும்.

அந்தக் காலத்தில் சட்டை எண் என்பது ஆளுக்கு உரியது அல்ல, இடத்துக்கு உரியது. 2 என்றால் வலது பேக். 9 என்றால் சென்டர் ஃபார்வர்டு. 11 என்றால் இடது ஓரம். அன்றைக்கு யார் எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளவேண்டும். கிரிகரி வில்லாவில் இருந்த இரண்டே வருடத்தில் 2 முதல் 11 வரை பத்து எண் சட்டையும் போட்டு ஆடிவிட்டார். மிச்சம் இருந்தது கோல் கீப்பர் சட்டை ஒன்றுதான்.

இதைப் பெருமையாகவும் பார்க்கலாம், வலியாகவும் பார்க்கலாம். பத்து இடத்திலும் ஆடக்கூடியவருக்குத் தனக்கென்று ஓர் இடம் இல்லை. காயம்பட்டவனுக்குப் பதில், தடை வாங்கியவனுக்குப் பதில், சோர்ந்தவனுக்குப் பதில். நம் லீக்கிலும் இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் ஒரு ஆபீஸ் டீம், மறு வருடம் இன்னொன்று. பூட்ஸை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். "எங்கண்ணா இன்னிக்கு?" என்று கேட்டால், "எங்க சொல்றாங்களோ அங்க" என்பார்கள். கூட்டம் அவர்கள் பெயரைச் சொல்லிக் கத்தாது. ஆனால் அவர்கள் வராத நாளில் டீம் கலைந்து நிற்கும்.

1979இல் பிரைட்டன். 1981இல் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ். அடுத்த வருடமே, இரண்டாம் டிவிஷனில் இருந்த அந்த அணி எஃப்.ஏ. கோப்பையின் இறுதிக்கு வந்துவிட்டது. எதிரே டாட்டன்ஹாம். முதல் ஆட்டம் 1–1. ஐந்து நாள் கழித்து மறு ஆட்டம். கிளென் ஹாடில் அடித்த பெனால்டி ஒன்று. 0–1. கோப்பை கைநழுவியது.

இங்கிலாந்துச் சட்டை அவருக்குக் கிடைத்தது 1983இல், 29 வயதில். மொத்தம் 6 ஆட்டம். பிறகு டெர்பி கவுன்டி. மூன்றாம் டிவிஷனில் இருந்த அந்த அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் மேலேறி முதல் டிவிஷனுக்கு வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

*

பயிற்சியாளராகவும் அவர் பாதை மேடும் பள்ளமும்தான். 1989இல் போர்ட்ஸ்மத்தில் கிடைத்த முதல் வாய்ப்பு ஒரு வருடத்தில் முடிந்தது. பிறகு பிரையன் லிட்டில் என்பவருக்கு உதவியாளராக இருந்தார். சின்ன ஊர் அணியான வைகம்பை நடத்தினார். 1998 பிப்ரவரியில் ஆஸ்டன் வில்லாவின் பயிற்சியாளராக இருந்த லிட்டில் விலக, அந்தப் பழைய வீடு இவரைக் கூப்பிட்டது.

அணி அப்போது 15ஆவது இடம். பருவத்தில் மிச்சம் 11 ஆட்டம். அதில் 9 வெற்றி. ஏழாவதாக வந்து ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள்.

அடுத்த பருவத்தில், பணக்கார அணிகள் உலகமெங்கும் ஆள் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பெரும்பாலும் உள்ளூர் ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு கிரிகரி பல வாரம் பிரீமியர் லீக்கின் உச்சியில் நின்றார். கடைசியில் ஆறாவது இடம். ஆனால் வீட்டுப் பிள்ளைகளை நம்பி உச்சிக்குப் போகலாம் என்று பார்த்துவிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு வேண்டும்.

2000 மே 20. பழைய வெம்ப்ளி மைதானத்தில் நடந்த கடைசி எஃப்.ஏ. கோப்பை இறுதி. கிரிகரியின் வில்லா, எதிரே செல்சி. டி மாட்டியோ அடித்த ஒரே கோல். 0–1.

ஆட்டக்காரராக ஒரு தடவை, பயிற்சியாளராக ஒரு தடவை. இரண்டு இறுதியிலும் கடைசி வரிசையில் நின்று மற்றவர் கோப்பையைத் தூக்குவதைப் பார்த்தவர்.

அதற்குப் பிறகு சரிவுதான். டெர்பியில் டிவிஷன் இறங்கினார். மறுபடி குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், ஒரு வருடம். இஸ்ரேலில் நாசரேத் ஊர் அணி. கஜகஸ்தானில் கைராத். திரும்பி வந்து இங்கிலாந்தில் க்ராலி டவுன். 2014 டிசம்பரில் இதய அறுவை சிகிச்சைக்காக அந்த வேலையையும் விட்டார்.

60 வயது. மார்பில் தையல். பெரிய அணி எதுவும் கதவைத் தட்டப்போவதில்லை. இரண்டரை வருடம் கழித்துத்தான் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது.

*

சுவரின் மூலை

கதையைக் கொஞ்சம் நம் பக்கம் திருப்புவோம்.

மூலக்கொத்தளம் என்ற பெயரே ஒரு தடுப்பாட்டத்தின் நினைவு. 1760களின் இறுதியில், ஐதர் அலியின் குதிரைப்படை வந்துவிடும் என்ற பயத்தில் கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கம்பெனிக்காரர்கள் மதில் எழுப்பினார்கள். அதன் மூலையில் இருந்த கொத்தளம் இது. மதில் போய்விட்டது. மேற்கே அது நின்ற தடத்தில் வால்டாக்ஸ் ரோடு இருக்கிறது. மொழிப்போரில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் இடுகாடு இங்கேதான்.

வால்டாக்ஸ் ரோட்டில் தெற்கே நடந்தால் சென்ட்ரல். அதைத் தாண்டினால் பெரியமேடு, நேரு ஸ்டேடியம். தோல் மண்டிகளின் வாடைக்கு நடுவே கால்பந்து மைதானம். தோலும் பந்தும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

மேற்கே தண்டவாளங்களைக் கடந்தால் வியாசர்பாடி. 1990களின் பின்பாதியில் உமாபதியும் தங்கராஜும் முல்லை நகரில் பிள்ளைகளுக்குப் பந்தும் பாடமும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதை ஒன்பதாம் பகுதியில் பார்த்தோம். அந்த வியாசர்பாடியின் பிள்ளைதான் தனபால் கணேஷ். 1994இல் பிறந்தவர். புனே எஃப்.சி. வழியாக இந்தியச் சட்டை வரை போனவர். நடுக்களத்தில் தடுப்பு வேலை செய்தவர்.

அந்த வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கவேண்டும்.

நம் பக்கத்துக் கிரவுண்டுகளில் புல் கிடையாது. செம்மண், சரளை, நடுவில் மழைத்தண்ணீர் தேங்கிக் காய்ந்த பள்ளம். பந்து நேராக வராது. கால் அருகே வந்ததும் கல்லில் பட்டு எகிறும். அதனால் இங்கே வளர்ந்த பிள்ளை பந்தை மட்டும் பார்ப்பதில்லை. பந்து வரும் வழியில் தரை எப்படி இருக்கிறது என்று பார்க்கிறது. ஒரு அடி முன்னே போய், எகிறுவதற்கு முன்பே பாதத்தின் உள்பக்கத்தால் அமுக்கிவிடுகிறது. எதிராளி பாஸ் கொடுக்கக் காலை எடுக்கும்போதே இது கிளம்பியிருக்கும். யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல. தரை சொல்லிக்கொடுத்தது.

தடுப்பு நடுக்களத்துக்காரருக்கு வேண்டியது அதே கண்தான். கோல் போட்டவரைப் பேப்பரில் போடுவார்கள். கோல் ஆகாமல் போன பந்துக்குக் கணக்கு இல்லை. எதிரணியின் பாஸ் போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒரு நொடி முன்பே போய் நிற்பது, பேக் வரிசை சிதறும்போது ஓட்டையில் உட்காருவது, மற்றவன் முன்னே ஓடினால் அவன் இடத்தைக் காப்பது. எல்லாம் மற்றவனுக்காக.

பத்துச் சட்டை போட்ட கிரிகரிக்கு இந்த வேலை அத்துப்படி.

*

கிரிகரி சென்னைக்கு வந்த வருடம் இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் முழுக் கதையின் திருப்பமும் அங்கேதான் என்பது என் எண்ணம்.

இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) விதி மாறியது. அதுவரை களத்தில் ஆறு வெளிநாட்டவர், ஐந்து இந்தியர். 2017 நவம்பரில் தொடங்கிய பருவத்திலிருந்து ஐந்து வெளிநாட்டவர், ஆறு இந்தியர். பெங்களூரு, ஜம்ஷெட்பூர் சேர்ந்து அணிகள் பத்தாயின. போட்டி மார்ச் வரை நீண்டது.

ஒரே ஒரு ஆள் வித்தியாசம்தானே என்று தோன்றும். அந்த ஒரு ஆள் எங்கே நிற்பார்? அதுவரை பல அணிகள் முதுகெலும்பை முழுக்க வெளிநாட்டவரிடம் கொடுத்துவிட்டு, ஓரங்களில் இந்தியர்களை நிறுத்தின. இனி அது கஷ்டம். நடுவில் யாராவது ஓர் இடத்தை நம் ஆளிடம் கொடுத்தே ஆகவேண்டும்.

கிரிகரி ஓர் இடத்தை அல்ல, இரண்டு இடத்தைக் கொடுத்தார். பின்வரிசைக்கு முன்னால் தனபால் கணேஷும் பிக்ரம்ஜித் சிங்கும். முன்னே ஒற்றை ஆளாக மிசோரமின் ஜெஜே. கோலில் கரண்ஜித் சிங். இடது பின்களத்தில் ஜெர்ரி. அணியின் நடு முதுகு அநேகமாக இந்தியர்களுடையது.

இங்கிலாந்துக்காரர் ஒருவர் நம் ஆட்டக்காரர்களை நம்பியது இது முதல் தடவை அல்ல. 1964இல் இந்திய அணியை ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோன ஹாரி ரைட்டும் இங்கிலாந்தில் கோல் கீப்பராக ஆடி, ஊர் ஊராகப் போனவர்தான். இரண்டு முறை இந்திய அணிக்குப் பயிற்சி தந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைனும் அப்படி நாடு நாடாகச் சுற்றியவர். பெரிய நட்சத்திரங்கள் இங்கே வந்து செய்யாததைப் பெயர் தெரியாத இந்த நாடோடிகள் செய்தார்கள்.

*

முதல் பாதி

2017 நவம்பர் 19, ஞாயிறு. நேரு ஸ்டேடியம். பருவத்தின் முதல் ஆட்டம். எதிரே கோவா.

இடைவேளை விசில் அடித்தபோது கணக்கு 0–3.

எங்கள் டீக்கடையில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். கோவாவின் ஸ்பானியர்கள் கோரோவும் லான்சரோட்டேயும் நம் பின்வரிசையைக் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல வெட்டிக்கொண்டு போனார்கள். பெரியவர் மட்டும் இருந்தார். இரண்டாவது டீ சொன்னார்.

இரண்டாம் பாதியில் வேறு அணி இறங்கியது போல இருந்தது. ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். ஆனால் வரிசைகளுக்கு இடையே இருந்த ஓட்டை மூடியிருந்தது. வலது பேக் இனிகோ கால்டெரோன் ஒன்று, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. கடைசியில் 2–3. தோல்விதான். ஆனால் பெரியவர் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டே, "ரெண்டாவது பாதிய எடுத்துக்கோ" என்றார்.

நான்கு நாள் கழித்து வடகிழக்கு அணியை 3–0. பிறகு புனேவுக்குப் போய் 1–0. டிசம்பர் 7ஆம் தேதி கொல்கத்தாவின் ஏ.டி.கே.வோடு 3–2. எதிரணி கடைசி நேரத்தில் சமன் செய்துவிட, கூடுதல் நேரத்தில் ஜெஜே மறுபடி அடித்த ஆட்டம் அது. அடுத்து மும்பையில் 0–1.

ஐந்து ஆட்டம். மூன்று வெற்றி, இரண்டு தோல்வி. நல்ல அணியா, அதிர்ஷ்டக்கார அணியா என்று யாருக்கும் தெரியாத நிலை. அந்த நிலையில்தான் பெங்களூரு வந்தது.

*

கண்டீரவா

2017 டிசம்பர் 17. இதுவும் ஞாயிறு.

பெங்களூரு எஃப்.சி. பிறந்தது 2013இல்தான். அதற்குள் இரண்டு முறை ஐ லீக் சாம்பியன். 2016இல் ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதி வரை போன முதல் இந்திய அணி. அன்றைய இந்தியக் கேப்டன் சுனில் சேத்ரி அவர்கள் ஆள். அவர்களுடைய ஸ்ரீ கண்டீரவா மைதானத்தின் மேற்குப் பக்கத்தில் நீலச்சட்டை ரசிகர்கள் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே பாடுவார்கள். ஐ.எஸ்.எல்.லுக்கு அந்த வருடம்தான் வந்திருந்தார்கள். சென்னையும் பெங்களூரும் அதில் மோதியது அன்றுதான் முதன்முறை.

காவிரித் தண்ணீர் விஷயமாக இரண்டு ஊருக்கும் நடுவில் என்ன நடந்திருந்தது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. டீக்கடையில் அன்றைக்கு நிற்க இடமில்லை.

5ஆவது நிமிடம். ஜெஜே. 1–0.

கடை அதிர்ந்தது. ஆனால் இன்னும் 85 நிமிடம் இருந்தது.

அந்த 85 நிமிடத்தை நான் மறக்கமுடியாது. பெங்களூரு பந்தை வாங்கிக்கொண்டு வருகிறது. அலை மாதிரி. இடமிருந்து, வலமிருந்து. ஒவ்வொரு அலையும் கோலுக்கு 20, 25 கஜத்துக்கு முன்னால் எதிலோ முட்டி உடைகிறது. தொலைக்காட்சியில் பந்தைத்தான் காட்டுவார்கள். அதனால் எதில் முட்டுகிறது என்பது உடனே தெரிவதில்லை. பெரியவர் திரைக்குக் கிட்டப்போய் விரலை வைத்துக் காட்டினார்.

"இவன பாரு. பந்த பாக்காத. இவன மட்டும் பாரு."

கணேஷ்.

பத்து நிமிடம் அவரை மட்டும் பார்த்தேன். அவர் அதிகம் ஓடவில்லை. நான்கு எட்டு இந்தப் பக்கம், மூன்று எட்டு அந்தப் பக்கம். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சேத்ரிக்குப் பந்து வரவேண்டிய கோட்டில் நிற்கிறார். பாஸ் கொடுக்க வந்தவன் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பின்னுக்குக் கொடுக்கிறான். பந்து அவர் காலில் படவே இல்லை. ஆனாலும் தடுத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் கால்பந்து பார்த்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

80 நிமிடம் ஆயிற்று. இன்னும் 1–0.

85ஆவது நிமிடம்.

ஒரே ஒரு முறை கோடு விலகியது. சேத்ரிக்கு அது போதும். 1–1.

கண்டீரவா எழுந்து நின்றது. டீக்கடையில் சத்தமே இல்லை. பாய்லரில் தண்ணீர் கொதிப்பது கேட்டது.

இப்படிப்பட்ட நிமிடத்தில் அணிகள் செய்வது ஒன்றுதான். வெளியூரில், பலமான அணிக்கு எதிராக, ஐந்து நிமிடம் இருக்கும்போது சமன் ஆகிவிட்டால் பின்னுக்கு ஓடிக் கோட்டையை அடைத்துக்கொள்வார்கள். ஒரு புள்ளியாவது மிஞ்சட்டும் என்பார்கள். அதிலும் தடுப்பு வேலைக்காரர் தன் இடத்தை விட்டு அசையவே மாட்டார். அசையக்கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் பாடம்.

சென்னையின் அணி முன்னே போனது.

88ஆவது நிமிடம். பெங்களூரின் கோலுக்கு முன்னால் மஞ்சள் நிற விளக்கொளியில் யார் யாரோ. திரையில் யார் என்று சட்டென்று தெரியவில்லை. வலை அசைந்தது. ஓடிவருபவன் முகம் தெரிந்ததும் கடைக்குள் யாரோ வீறிட்டார்கள்.

"டேய், நம்ம கணேஷுடா!"

85 நிமிடம் கோட்டைவாசலில் நின்ற காவல்காரர், எதிரியின் கோட்டைக்குள் போய் அடித்துவிட்டார். 2–1.

அப்படியே முடிந்தது.

வால்டாக்ஸ் ரோட்டில் பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. வியாசர்பாடிப் பக்கம் பட்டாசுச் சத்தம் கேட்டதாக மறுநாள் பலர் சொன்னார்கள். நான் கேட்டேனா என்று நிச்சயமாகச் சொல்லமுடியாது. என் காதில் அன்றைக்கு வேறு எதுவும் ஏறவில்லை. பெரியவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு, "ஆடினவருதான்பா" என்றார். கணேஷைச் சொல்லவில்லை. ஜூலையில் தான் கேட்ட கேள்விக்கு ஐந்து மாதம் கழித்துத் தானே பதில் சொன்னார்.

*

மூன்று நிமிட இடைவெளி

ஆறு ஆட்டத்தில் 12 புள்ளி. அதற்குப் பிறகு அணியின் நடையே மாறிவிட்டது. கேரளாவோடு சமன், ஜம்ஷெட்பூரில் வெற்றி, டெல்லியோடு சமன். ஜனவரியில் குவாஹாட்டியில் 1–3 என்று ஒரு மோசமான அடி. பிப்ரவரியில் பெங்களூரு சென்னைக்கு வந்து 3–1 என்று பழி தீர்த்துவிட்டுப் போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

18 ஆட்டம் முடிந்தபோது சென்னைக்கு 32 புள்ளி, இரண்டாம் இடம். பெங்களூருக்கு 40 புள்ளி, முதல் இடம். எட்டுப் புள்ளி இடைவெளி என்பது சாதாரணம் இல்லை.

அரையிறுதியில் எதிரே வந்தது மறுபடி கோவா. பருவத்தின் முதல் நாளில் முதல் பாதியிலேயே மூன்று அடித்த அதே கோவா.

மார்ச் 10ஆம் தேதி கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் முதல் ஆட்டம். லான்சரோட்டே அடித்தார். ஏழு நிமிடத்தில் 20 வயதுப் பையன் அனிருத் தாபா பதில் அடித்தான். 1–1.

மார்ச் 13, செவ்வாய். நேரு ஸ்டேடியம். அன்றைக்கு நான் டீக்கடைக்குப் போகவில்லை. மைதானத்துக்கே போய்விட்டேன். மூலக்கொத்தளத்திலிருந்து நடந்தேதான் போனேன். பசங்க ஆறு பேர் முன்னே போனார்கள். அதில் ஒருவன் முதுகில் துணி பெயின்டால் தானே எழுதிய எண். ஒரு ஓரம் வேர்வையில் கரைந்து சட்டையோடு இழுபட்டிருந்தது.

26ஆவது நிமிடம் ஜெஜே.

கூட்டம் உட்காருவதற்குள், 29ஆவது நிமிடம், கணேஷ்.

மூன்று நிமிடம். கோவாவின் நான்கு மாதத்து ஆட்டம் அந்த மூன்று நிமிடத்தில் உடைந்தது. பிறகு அவர்கள் அடித்துப் பார்த்ததையெல்லாம் கரண்ஜித் பிடித்தார். 90ஆவது நிமிடம் ஜெஜே மறுபடி. 3–0. இரண்டு ஆட்டமும் சேர்த்து 4–1.

பக்கவாட்டுக் கோட்டோரம் கிரிகரி நின்றிருந்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வெள்ளை முடி மட்டும்தான் தெரிந்தது. மூன்றாவது கோலுக்கு எல்லோரும் குதித்தபோது அவர் பாதி திரும்பி மைதானத்தின் நடுவைப் பார்த்தார். யாரைப் பார்த்தார் என்பது அங்கிருந்து தெரியவில்லை.

*

2018 மார்ச் 17, சனி. இறுதி ஆட்டம்.

இடம் ஸ்ரீ கண்டீரவா. எட்டுப் புள்ளி மேலே இருக்கும் பெங்களூரு, சொந்த மைதானம், சொந்தக் கூட்டம். இந்தப் பக்கம் 1982இல் தோற்றவர், 2000இல் தோற்றவர், இதயத்தில் தையல் போட்டவர்.

9ஆவது நிமிடம். ஓரத்திலிருந்து வந்த பந்துக்குச் சுனில் சேத்ரி பாய்ந்தார். தரைக்கு இணையாக, உடம்பு முழுக்கக் காற்றில். தலையில் பட்ட பந்து வலையில்.

0–1.

டீக்கடையில் மறுபடி பாய்லர் சத்தம். மூன்றாவது தடவையும் அதே கதையா?

கிரிகரி ஒருவரையும் மாற்றவில்லை. கணேஷும் பிக்ரம்ஜித்தும் அதே இடத்தில் நின்றார்கள். அணி மெல்ல மெல்ல முன்னே நகர்ந்தது. 17ஆவது நிமிடம் ஒரு கார்னர் கிடைத்தது. கிரெகரி நெல்சன் பந்தை மூலைக்கொடி அருகே வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னே போனார். கையை உயர்த்தினார்.

பின்வரிசையிலிருந்து நெட்டையான ஒரு பிரேசில்காரர் மெதுவாக நடந்து பெங்களூரின் கோலுக்கு முன்னால் வந்து நின்றார். அவர் கோல் அடிக்க வந்தவர் அல்ல, தடுக்க வந்தவர். அவர் மீது யாரும் கண் வைக்கவில்லை.

நெல்சனின் கை இறங்கியது. அந்தப் பந்து யார் தலைக்கு?

(அடுத்த வாரம்)